ஊர் சொல்ற தொகையும் கொப்பி சொல்ற தொகையும்

வாசகர் கேள்வி – பதில்

இந்த முறை கைக்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விசயம்தான். பேர் போய்விட்டது, என்ன செய்யலாம்? களுவாஞ்சிக்குடியில் இருந்து பதில் எழுதுகிற நான் முப்பது வருடம் கூட்டுறவுக் கடையில் சாமானும் கணக்கும் பார்த்தவள். மறுகா ஒன்பது வருடம் மத்தியஸ்த சபையில் இருந்தவள். அங்கே மேசைக்கு வருகிற பிணக்கு காசு, வேலி, மாடு என்றுதான் விண்ணப்பத்தில் எழுதப்பட்டிருக்கும். ஆட்களை இருத்திக் கதைக்கத் தொடங்கினால், முக்கால்வாசியும் "என்ட பேரைக் கெடுத்திட்டாங்க" என்ற இடத்தில்தான் வந்து நிற்கும். அதனால் இந்தக் கடிதங்களைப் படிக்கும்போது எனக்குப் பழக்கமான முகங்களே தெரிகின்றன. எழுதியவர்களின் நன்மைக்காகச் சில விபரங்களை மாற்றியிருக்கிறேன்.

கேள்வி: அக்கா, நான் களுதாவளைப் பக்கம். தையல்தான் தொழில். 2020 நவம்பரில் 20 பேரைச் சேர்த்து மாதம் 5,000 ரூபாய்ச் சீட்டு ஒன்று தொடங்கினேன். 16 மாதம் ஒரு குறையும் இல்லாமல் நடந்தது. 2022 மார்ச்சில் சாமான் விலை ஏறத் தொடங்க, சீட்டை ஏற்கெனவே எடுத்து முடித்த ஆறு பேர் காசு கட்டாமல் விட்டுவிட்டார்கள். அதில் இரண்டு பேர் வெளிநாட்டுக்கு வேலைக்குப் போய்விட்டார்கள். கடைசி நாலு பேருக்கும் ஒரு இலட்சத்துக்குப் பதிலாக 70,000தான் என்னால் கொடுக்க முடிந்தது. ஒருவருக்கு என் சங்கிலியை அடகு வைத்து மிச்ச 30,000ஐயும் கொடுத்தேன். மற்ற மூன்று பேருக்கும் இன்னும் கொடுக்கவில்லை. இப்ப ஊரில் நான் நாலு இலட்சம் விழுங்கிவிட்டேன் என்று கதை. முந்தி தீபாவளிக்கு 60 சட்டைக்கு மேல் தைக்க வரும். போன தீபாவளிக்கு ஒன்பதுதான் வந்தது. மகளிடம் பள்ளிக்கூடத்திலேயே கேட்டிருக்கிறார்கள். கோயிலில் கற்பூரம் கொளுத்திச் சத்தியம் பண்ணச் சொல்கிறார் என் மாமா. பண்ணட்டா?

பதில்: மகள், நீங்கள் எழுதிய கணக்கை நான் மூன்று தரம் கூட்டிப் பார்த்தேன். ஆறு பேர், நாலு மாதம், மாதம் 5,000. வரவேண்டியது 120,000. அதில் 30,000ஐ நீங்கள் கைக்காசாகப் போட்டிருக்கிறீர்கள். மூன்று பெண்களுக்கும் நீங்கள் கொடுக்க வேண்டியது 90,000. கணக்குச் சரி. ஊர் சொல்வது நாலு இலட்சம், களவு. உங்கள் சீட்டுக் கொப்பி சொல்வது தொண்ணூறாயிரம், கடன். இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிற தூரத்தைத்தான் நீங்கள் நடந்து கடக்க வேண்டும். அதை ஒரு நாளில் கடக்க ஏலாது. கடக்கலாம் என்பதை மட்டும் நம்புங்கள்.

முதலில் கசப்பான ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் கடிதத்தில் ஏழு இடத்தில் "அவர்கள் கட்டவில்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். உண்மைதான். ஆனால் அந்த மூன்று பெண்களும் தங்கள் காசை அந்த ஆறு பேரின் கையில் கொடுக்கவில்லை, உங்கள் கையில் கொடுத்தார்கள். சீட்டு நடத்துகிறவரின் வார்த்தையை நம்பித்தான் எங்கள் ஊர்களில் பெண்கள் காசு போடுகிறார்கள். வங்கிப் புத்தகமும் இல்லை, முத்திரை ஒட்டிய கடுதாசியும் இல்லை. "அவங்க தரல்ல, நான் என்ன செய்ய" என்று நீங்கள் சொல்கிற ஒவ்வொரு முறையும், கேட்கிறவரின் மனதில் நாலு இலட்சக் கதை இன்னும் கொஞ்சம் ஊன்றிக்கொள்ளும். "தொண்ணூறாயிரம் நான் கொடுக்க இருக்கிறேன், கொடுப்பேன்" என்று சொல்லும்போதுதான், அப்ப நாலு இலட்சம் எங்கிருந்து வந்தது என்ற கேள்வி ஊருக்கு வரும்.

அதனால் சத்தியம் வேண்டாம். உங்கள் மாமா உங்களில் உள்ள பாசத்தில் சொல்கிறார். ஆனால் நீங்கள் கற்பூரம் கொளுத்தினால் உங்களை நம்புகிறவர்கள் கண்ணீர் விடுவார்கள், நம்பாதவர்கள் "அம்மாளையும் ஏமாத்துறா" என்பார்கள், அந்த மூன்று பேரின் 90,000 அப்படியே கிடக்கும். அடுத்த தரம் உங்கள் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் அதற்கும் ஒரு கதை கட்டுவார்கள். அந்த வேதனையை நீங்களே விலைக்கு வாங்கக் கூடாது.

செய்யவேண்டியது இது. சீட்டுக் கொப்பியின் பக்கங்களை மூன்று பிரதி எடுங்கள். ஒவ்வொரு பெண்ணின் வீட்டுக்கும் தனித்தனியாகப் போங்கள். கோயில் வாசலிலோ கடைத்தெருவிலோ வைத்துக் கதைக்க வேண்டாம். கூட ஒரு ஆளைக் கூட்டிக்கொண்டு போங்கள். உங்கள் புருசனோ மாமாவோ வேண்டாம், இரண்டு பக்கத்துக்கும் பொதுவான ஒரு வயதான பெண்ணாக இருக்கட்டும். கொப்பியைக் காட்டி, "உங்களுக்கு நான் 30,000 தர இருக்கு, மாதம் ஆயிரப்படி தாறன்" என்று சொல்லிவிட்டு முதல் ஆயிரத்தை அங்கேயே கொடுங்கள். ஒரு சின்னக் கொப்பியில் திகதி போட்டு அவரிடம் ஒப்பம் வாங்குங்கள். ஆயிரம் என்று நான் சொல்வதற்குக் காரணம் உங்கள் ஒன்பது சட்டை. மூன்று பேருக்கும் சேர்த்து மாதம் மூவாயிரம், முப்பது மாதம். நீண்ட காலம்தான். ஆனால் ஆட்களைச் சந்தோசப்படுத்த ஐயாயிரம் என்று சொல்லி, மூன்றாம் மாதம் தவறினீர்கள் என்றால் பழைய கதைக்குப் புதுச் சாட்சி கிடைத்துவிடும். மிக மோசமான மாதத்திலும் உங்களால் கொடுக்கக்கூடிய தொகை எதுவோ அதைச் சொல்லுங்கள். ஒரே திகதியில் கொடுங்கள். பத்தாம் திகதி என்றால் பத்தாம் திகதி. மழை பெய்தாலும், அவர்கள் முகத்தைத் திருப்பினாலும் போங்கள்.

அந்தக் காசை ஒரேயடியாகக் கட்டிவிடலாம் என்று குழுக்கடன் எடுக்கப் போகாதீர்கள். இதைக் கையைப் பிடித்துச் சொல்கிற மாதிரிச் சொல்கிறேன். கிழமைக்கு ஒரு தரம் வாசலில் வந்து நிற்கிற கடனுக்குப் பயந்து வீட்டுப் பின்பக்கத்தால் ஓடின பெண்களை மத்தியஸ்த சபையில் நான் நிறையக் கண்டிருக்கிறேன். வறட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்கள் எடுத்த ஒரு இலட்சத்துக்கு உட்பட்ட நுண்கடன்களை 2018இல் அரசாங்கமே தள்ளுபடி செய்ய வேண்டிய அளவுக்கு அந்தத் துன்பம் வளர்ந்தது. மூன்று பெண்களுக்குக் கொடுக்க வேண்டிய கடனை ஒரு கம்பனிக்குக் கொடுக்க வேண்டிய கடனாக மாற்றினால் உங்கள் பேர் ஒரு மாதம் நிமிரும், மறுகா இரண்டு மடங்கு விழும்.

கட்டாத ஆறு பேரில் ஊரில் இருக்கிற நாலு பேரின் விசயத்துக்கு உங்கள் பிரதேசத்து மத்தியஸ்த சபைக்கு எழுதிக் கொடுங்கள். 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தின்படி அமைந்த சபை அது. பெரும்பாலும் சனி, ஞாயிறில் ஒரு பாடசாலை வகுப்பறையில் கூடும். மூன்று மத்தியஸ்தர்கள் இருப்பார்கள். இரண்டு பக்கமும் தாங்களே வந்து தங்கள் வாயால் கதைக்க வேண்டும். செலவு இல்லை என்றே சொல்லலாம். இந்த அளவுக் காசுப் பிணக்கு நீதிமன்றத்துக்குப் போவதானாலும் முதலில் அந்தப் படியைத்தான் மிதிக்க வேண்டும். இணக்கம் வந்தால் எழுத்தில் வரும். வராவிட்டால் இணக்கம் ஏற்படவில்லை என்ற சான்றிதழ் வரும். இரண்டில் எது வந்தாலும் உங்கள் கொப்பிக்குப் பக்கத்தில் வைக்க ஒரு கடுதாசி கிடைக்கும். நான் சபையில் இருந்த காலத்தில், எழுதிக் கொடுத்த கொப்பியோடு வந்த பெண்ணுக்கும் வெறுங்கையோடு வந்து அழுத பெண்ணுக்கும் எவ்வளவு வித்தியாசம் என்று கண்ணால் கண்டேன். அழுதவர் பொய் சொன்னார் என்று இல்லை. நாங்கள் பிடித்துக்கொள்ள அவர் ஒன்றும் தரவில்லை.

அந்த நாலு பேரின் பேரைத் தண்ணீர்க் குழாயடியில் சொல்லாதீர்கள். அவர்களில் ஒருத்தியின் புருசன் அந்த வருடம் செத்துப்போனதாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள். மத்தியஸ்த சபையில் சொல்லுங்கள், வேறு எங்கும் வேண்டாம்.

இனித் தொழில். ஆட்களுக்கு உங்கள் காசுக் கணக்கில் சந்தேகம் வந்தால் அது மெல்ல மெல்லத் துணிக்கும் இறங்கும். "ரெண்டு மீற்றர் குடுத்தன், ஒண்டே முக்கால்தான் சட்டையில இருக்கு" என்ற பேச்சு எப்படியும் வரும். அதனால் துணியை வாங்கும்போதே அளந்து எழுதித் துண்டு கொடுங்கள். தைத்து முடிந்ததும் வெட்டுத் துண்டுகள் எவ்வளவு சின்னதாக இருந்தாலும் மடித்து அதே பையில் போட்டுக் கொடுங்கள். சொன்ன நாளுக்கு ஒரு நாள் முந்திக் கொடுங்கள். யாருக்கும் விளக்கம் சொல்லத் தேவையில்லை. அந்த வெட்டுத் துண்டைப் பைக்குள் காண்கிற பெண் தன் மச்சாளிடம் சொல்வாள்.

என் கதை ஒன்றையும் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் இவ்வளவையும் எந்தத் தைரியத்தில் எழுதுகிறேன் என்று உங்களுக்கு விளங்காது. 2004 டிசம்பர் 26இல் கடல் வந்து போன பிறகு நான் பொறுப்பாக இருந்த கடை நிவாரணக் களஞ்சியமாக மாறியது. பாதிக்கப்பட்ட ஆளுக்குக் கிழமைக்கு 375 ரூபாய்ப் பெறுமதி. அதில் 200 காசு, 175க்குச் சாமான். அரிசி, மா, பருப்பு, சீனி என்று இரவு பகலாக லொறி வரும், இறக்குவோம், ஏற்றுவோம். சில நாள் ஒப்பத்தை டோர்ச் வெளிச்சத்தில் வாங்கினேன். 2005 சித்திரையில் சரக்குக் கணக்கெடுத்தபோது 14 மூடை மா குறைந்தது. கடலில் பிள்ளைகளைப் பறிகொடுத்த சனத்தின் மாவை நான் விற்றுவிட்டேன் என்று கதை போனது. என் வீட்டுக்குப் பின்னால் இரவு லொறி நின்றதைக் கண்டதாகச் சொல்லவும் ஆட்கள் வந்தார்கள். என்னை வேலையில் இருந்து இடைநிறுத்தினார்கள். ஏழு மாதம்.

அதில் முதல் நாலு மாதமும் நான் வீட்டை விட்டு வெளியே வரவில்லை. வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்கு நடந்தது. பிறந்த நாள் தொட்டு நான் தவறவிடாத சடங்கு. அதற்கும் போகவில்லை. என் மனதில், பழி கழுவுப்பட்ட பிறகு தலை நிமிர்ந்து போவோம் என்ற எண்ணம். ஊர் அதை வேறு மாதிரி வாசித்தது. "பிழை செய்யாட்டி ஏன்கா ஒளிச்சிருக்கா?" என்று கேட்டிருக்கிறார்கள். அதை என் அம்மாதான் வந்து சொன்னார். கிணற்றடியில் கேட்டுவிட்டு வந்து, வாளியைக் கீழே வைக்காமலே சொன்னார். அடுத்த நாள் என்னை வலுக்கட்டாயமாகக் காத்தான்குடிக்குத் துணி எடுக்க அனுப்பினார். வழக்கமாகக் கடனுக்கு எடுக்கிற கடை. கடை நிறைய ஆட்கள். எங்கள் ஊர்ப் பெண்கள் மூன்று பேர் நின்றார்கள். நான் காசைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன், கடன் கேட்க வாய் வரவில்லை. அந்த ஹாஜியார் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, "என்ன மகள் புதுசா காசக் காட்டுறீங்க? கொப்பில எழுதிட்டுப் போங்க, வழமை போல மாசக் கடைசில தாங்க" என்றார். அவருக்குக் கதை தெரியும். தெரிந்துதான் சொன்னார். அவர் மௌத்தாகிப் பல வருடம். துணி வாங்கும்போதெல்லாம் அவரை நினைக்கிறேன்.

அன்று இரவுதான் உட்கார்ந்து, கணக்காய்வுக்கு வந்தவருக்கு ஒரு கடிதம் எழுதினேன். நான் களவெடுக்கவில்லை என்று அதில் ஒரு வரிகூட எழுதவில்லை. ஜனவரி, பெப்ரவரி மாதக் காபன் கொப்பிகளின் இலக்கங்களைப் போட்டு, இரவில் ஏற்றின லொறிகளின் துண்டுகளை ஒவ்வொன்றாகப் பேரேட்டோடு ஒப்பிட்டுப் பார்க்கும்படி கேட்டேன். ஒரு பாடசாலை முகாமுக்கு ஏற்றின 14 மூடை மா, பருப்புப் பக்கத்தில் பதிந்து கிடந்தது. பதிந்தது என் கைதான். தூக்கம் இல்லாத ஒரு இரவில் நானே விட்ட பிழை. என்னை மீள வேலைக்கு எடுத்தபோது, கடிதமாகத் தாருங்கள் என்று கேட்டு வாங்கினேன். அதை எங்கும் ஒட்டவில்லை. கிராம சேவகருக்கு ஒரு பிரதி, கோயிலை நிர்வகிக்கிற வண்ணக்கருக்கு ஒரு பிரதி, என் முகத்துக்கு நேரே கேட்ட ஆறு பேருக்கும் ஒவ்வொரு பிரதி கொண்டுபோய்க் கொடுத்தேன். கொடுக்கும்போது, "பிழை என்ட பதிவில இருந்தது, மா குறையல்ல" என்று சொன்னேன்.

எனக்கு இருந்தது ஒரு காபன் துண்டு, மகள். உங்களிடம் ஒரு கொப்பியே இருக்கிறது. இந்த வைகாசிச் சடங்குக்குப் போங்கள். முன்னால் நில்லுங்கள்.

கேள்வி: நான் சம்மாந்துறையில் விவசாய மருந்து, விதைநெல் கடை வைத்திருந்தவன். 2021இல் உரத்துக்குத் தடை வந்து, அந்தப் பெரும்போகம் விழுந்து, கடனுக்குச் சாமான் எடுத்தவர்கள் தரமுடியாமல் போக, கொழும்புக் கம்பனிகளுக்கு நான் கொடுத்த மூன்று செக் திரும்பிவிட்டது. பிறகு காணித்துண்டை விற்று எல்லாவற்றையும் கட்டி முடித்துவிட்டேன். இப்ப எந்த வங்கிக்குப் போனாலும் "கிரிப்பில பேர் இருக்கு" என்கிறார்கள். 75,000 ரூபாய் தந்தால் பேரை அழித்துத் தருவதாக ஒருவர் சொல்கிறார். கொடுக்கலாமா?

பதில்: தம்பி, கொடுக்காதீர்கள். அவர் அந்தக் காசை எடுத்துக்கொண்டு போவார், உங்கள் பேர் இருந்த இடத்திலேயே இருக்கும்.

கிரிப் என்று எல்லாரும் சொல்வது இலங்கைக் கொடுகடன் தகவல் பணியகம். 1990ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டத்தால் வந்தது. அதைக் கறுப்புப் பட்டியல் என்று நினைத்துத்தான் எல்லாரும் பயப்படுகிறார்கள். வங்கிகளும் லீசிங் கம்பனிகளும் அனுப்புகிற விபரத்தை அது சேர்த்து வைத்து, கேட்கிற வங்கிக்குக் கொடுக்கிறது. கடன் கொடுக்கலாமா இல்லையா என்று முடிவெடுப்பது அந்த வங்கி. பிழையான விபரம் இருந்தால், அதை அனுப்பின வங்கிதான் திருத்தி அனுப்ப வேண்டும். நடுவில் தரகருக்கு ஒரு வேலையும் இல்லை.

முதலில் உங்கள் அறிக்கையை நீங்களே விண்ணப்பித்து எடுங்கள். உங்களுக்கு அந்த உரிமை இருக்கிறது. வரிவரியாகப் பாருங்கள். கட்டி முடித்த கடன் இன்னும் கட்டாததாகக் காட்டுகிறதா? அப்படியென்றால் அந்த வங்கிக்குப் பற்றுச்சீட்டோடு எழுத்தில் முறையிடுங்கள். திரும்பிய செக் மூன்றையும் கம்பனிகளிடம் இருந்து கையில் வாங்கினீர்களா? நீங்கள் எழுதவில்லை. வாங்காவிட்டால் நாளைக்கே போய் வாங்குங்கள். காசில்லாமல் செக் கொடுப்பது 1990ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடன் அறவிடல் சட்டத்தின் கீழ் குற்றமாகக்கூடிய விசயம். அந்தத் துண்டுகள் இன்னொருவரின் லாச்சிக்குள் கிடக்கக் கூடாது. செக் இலக்கம், தொகை, கட்டி முடித்த திகதி மூன்றும் போட்டு ஒவ்வொரு கம்பனியிடமும் ஒரு கடிதம் கேளுங்கள். கட்டி முடித்த ஆளுக்கு அப்படி ஒரு கடிதம் கொடுக்க யாரும் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள்.

இவற்றை ஒரு கோவையில் போட்டு முகாமையாளரைப் போய்ப் பாருங்கள். 2021 மே மாதம் உர இறக்குமதிக்குத் தடை வந்ததும், நவம்பரில் அது தளர்த்தப்படும்போது அம்பாறை வயல்களில் விதைப்புத் தொடங்கியிருந்ததும் அவருக்குத் தெரியாத விசயம் இல்லை. ஆனால் அதை ஒரு வரியில் சொல்லி நிறுத்துங்கள். "காணியை விற்று மூன்று செக்கையும் தீர்த்தேன், இந்தா கடிதங்கள்" என்பதில்தான் உங்கள் பலம் முழுவதும் இருக்கிறது. காணி விற்றுக் கடன் தீர்த்த மனிதரை நான் ஒரு நாளும் குறைவாக நினைக்க மாட்டேன். முதலில் பெரிய கடன் கேட்காமல், ஒரு சின்னத் தொகையை எடுத்துத் தவணை தவறாமல் கட்டுங்கள். பணியகம் அதையும் பதியும்.

கேள்வி: அரச கந்தோர் ஒன்றில் எழுதுவினைஞர். என் மேல் பேர் போடாத ஒரு மொட்டைப் பெட்டிசம் போய், விசாரணை நடந்தது. ஒன்றும் நிரூபிக்கப்படவில்லை. ஆனால் முடிவை யாரும் எனக்கு எழுத்தில் தரவில்லை. கூட வேலை செய்கிறவர்கள் இன்னும் ஒரு மாதிரிப் பார்க்கிறார்கள். (மட்டக்களப்பு)

பதில்: முடிவை எழுத்தில் எடுங்கள். மேலே என் கதையில் சொன்ன கடிதம் இல்லாவிட்டால் எனக்கும் உங்கள் நிலைதான் வந்திருக்கும். முதலில் திணைக்களத் தலைவருக்குப் பணிவாக ஒரு கடிதம் எழுதிக் கேளுங்கள். பதில் வராவிட்டால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், அந்தக் கந்தோரின் தகவல் உத்தியோகத்தரிடம் விசாரணை முடிவின் பிரதியைக் கேட்டு விண்ணப்பியுங்கள். தருவதா இல்லையா என்பதை 14 வேலை நாளுக்குள் அவர் முடிவு செய்து அறிவிக்க வேண்டும். யார் பெட்டிசம் அடித்தது என்று தேடாதீர்கள். தேடத் தொடங்கினால் கந்தோரில் உள்ள எல்லா முகத்திலும் அந்த ஆளைக் காண்பீர்கள், நல்லவர்களையும் இழப்பீர்கள்.

கேள்வி: நான் செங்கலடிப் பக்கம் முன்பள்ளி ஆசிரியை. என் படத்தைப் போட்டு யாரோ போலி முகநூல் கணக்குத் தொடங்கி, நான் பிள்ளைகளை அடிக்கிறேன், காசு மோசடி செய்கிறேன் என்று எழுதுகிறார்கள். பெற்றோரின் வட்ஸ்அப் குழுவிலும் அது வந்துவிட்டது. 31 பிள்ளைகளில் ஏழு பேர் நின்றுவிட்டார்கள். அந்தக் குழுவில் எல்லாருக்கும் பதில் எழுதி எழுதிக் களைத்துவிட்டேன்.

பதில்: எழுதுவதை இன்றோடு நிறுத்துங்கள், மகள். நீங்கள் எழுதுகிற ஒவ்வொரு பதிலும் அந்தப் பதிவைத் திரும்ப மேலே கொண்டுவருகிறது, காணாதவர்களும் காண்கிறார்கள்.

முதலில் ஸ்கிரீன் ஷொட் எடுங்கள். கணக்கின் பெயர், அதன் இணைப்பு முகவரி, திகதி, நேரம் எல்லாம் தெரிய வேண்டும். அச்சடித்தும் வையுங்கள். அதற்குப் பிறகுதான் அந்தக் கணக்கைப் போலி என்று முகநூலுக்கு முறையிட வேண்டும். அவசரப்பட்டு முதலில் முறையிட்டால் பதிவு மறைந்துவிடும், உங்கள் கையில் ஒன்றும் இருக்காது. இந்த ஒழுங்கு மாறிப்போய் அவதிப்பட்டவர்கள் நிறைய.

பொலிஸுக்குப் போனால் "இது சிவில் வழக்கு" என்று சொல்லித் திருப்பப் பார்ப்பார்கள். அதில் பாதி உண்மை. அவதூறைக் குற்றமாக வைத்திருந்த தண்டனைச் சட்டப் பிரிவு 2002இல் நீக்கப்பட்டுவிட்டது. வெறும் அவதூறுக்கு நட்டஈட்டு வழக்குத்தான் வழி. அதையும் இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். ஆனால் உங்கள் படத்தைப் போட்டு நீங்கள் போல நடிப்பது வேறு விசயம். 2024ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டத்தில், வேறொருவராக நடித்து ஏமாற்றுவது குற்றமாக இருக்கிறது. அந்தச் சட்டம் ஆட்களின் வாயை அடைக்கவும் உதவும் என்று பலர் எதிர்க்கிறார்கள். எனக்கும் அந்தப் பயம் உண்டு. ஆனாலும் உங்கள் முகத்தைக் களவெடுத்தவரைப் பற்றி முறையிடுவது யாருடைய வாயையும் அடைப்பது ஆகாது. முறைப்பாட்டுப் புத்தகத்தில் பதிந்த இலக்கத்தை வாங்காமல் பொலிஸ் நிலையத்தால் வெளியே வரவேண்டாம். வழக்கறிஞருக்குக் காசில்லை என்றால் சட்ட உதவி ஆணைக்குழுவிடம் போகலாம், மட்டக்களப்பிலும் அதன் நிலையம் இருக்கிறது. மனது தாங்காத இரவுகளில் 1938 என்ற மகளிர் உதவி இலக்கத்துக்கு எடுத்துக் கதையுங்கள்.

சட்டம் அதன் நடையில் போகட்டும். உங்கள் முன்பள்ளியை அதுவரைக்கும் காக்க வைக்க முடியாது. மிச்ச 24 பெற்றோரும் உங்களோடு நிற்கிறார்கள் என்பதை நீங்கள் உங்கள் கடிதத்தில் ஒரு இடத்திலும் எழுதவில்லை. போன ஏழு பேரைப் பற்றி இரண்டு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். அந்த 24 பேரையும் ஒரு சனிக்கிழமை காலை கூப்பிடுங்கள். பேச்சு வேண்டாம். வழமையான வகுப்பை நடத்துங்கள், அவர்கள் பின்னால் இருந்து பார்க்கட்டும். மேசையில் கட்டணப் பற்றுச்சீட்டுப் புத்தகத்தை விரித்து வையுங்கள். கேட்கிறவர்களுக்குப் பதில் சொல்லுங்கள்.

ஒரு கேள்வியை நான் கேட்க வேண்டியிருக்கிறது, கோபிக்க வேண்டாம். அந்தப் பதிவில் ஒரு துளியாவது உண்மை இருக்கிறதா? ஒரு நாள் ஒரு பிள்ளையின் கையில் தட்டினீர்களா? தட்டியிருந்தால் அந்தப் பிள்ளையின் தாயிடம் நீங்களே போய் அதைச் சொல்லுங்கள், அந்தச் சனிக்கிழமைக்கு முன்னால். இல்லையென்றால் இந்தப் பந்தியை மறந்துவிடுங்கள்.

கேள்வி: தம்பிலுவில். நான் 15 வருடம் குடித்தவன். விட்டு நாலு வருடமும் மூன்று மாதமும். மகளுக்கு ஒரு நல்ல இடத்தில் பேச்சு வந்திருக்கிறது. மாப்பிள்ளை வீட்டார் வருகிற அன்று நான் வீட்டில் இல்லாமல் வயலுக்குப் போய்விடுவது நல்லது என்று என் மனைவியின் அண்ணன் சொல்கிறார். அவர் சொல்வது சரிதானே?

பதில்: சரியில்லை, தம்பி. உங்கள் மச்சான் வீட்டு மானத்துக்காகச் சொல்கிறார், அவரில் கோபம் வேண்டாம். ஆனால் மாப்பிள்ளை வீட்டார் படலையைத் தாண்டி வரும் முன்னமே உங்கள் கதை அவர்களின் காதுக்குப் போயிருக்கும். தகப்பன் இல்லாத கதிரையைக் கண்டால், இன்னும் குடிக்கிறார் போல என்றுதான் நினைப்பார்கள்.

அவர்கள் வருவதற்கு முந்தின கிழமை நீங்கள் தனியே போய் மாப்பிள்ளையின் தகப்பனைச் சந்தியுங்கள். "நான் பதினைஞ்சு வரிசம் குடிச்சவன், விட்டு நாலு வரிசமும் மூணு மாசமும் ஆகுது, வேற ஆக்கள் சொல்லி நீங்க அறியக் கூடாது எண்டு வந்தன்" என்று சொல்லுங்கள். மாதக் கணக்கையும் சொல்லுங்கள். மூன்று மாதத்தையும் விடாமல் எண்ணிக்கொண்டு வருகிற மனிதரை அவர் விளங்கிக்கொள்வார் என்று நினைக்கிறேன். விளங்கிக்கொள்ளாமல் பேச்சு முறிந்தால், கல்யாணத்துக்குப் பிறகு உங்கள் மகள் அந்த வீட்டில் கேட்க வேண்டிய வார்த்தைகளை இப்பவே தடுத்துவிட்டீர்கள்.

வருகிற அன்று வேட்டி கட்டி வாசலில் நீங்கள் நில்லுங்கள். தேத்தண்ணித் தட்டையும் நீங்களே உள்ளே இருந்து வாங்கிக் கொண்டுவந்து கொடுங்கள். உங்கள் கை நடுங்காது என்பதை அவர்களும் காணட்டும், உங்கள் மகளும் காணட்டும்.